முறுமுறுப்பவர்களின் ஊழியம்

சில வருடங்களுக்கு முன் எங்கள் சபையில் பெண்கள் ஞாயிறு ஆராதனையில் பெரியம்மாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் மிஷன் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாகவே காலத்தைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்று வேலூருக்குத் திரும்பியவர். ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அம்மா மைக்கைப் பிடித்துத் தியாகச் சுடர் என்றார், மெழுகுவர்த்தி என்றார். மெழுகுவர்த்தி இல்லாமல் எங்கள் சபையில் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. பிறகு பெரியம்மாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "தியாகம்லாம் ஒன்னும் இல்லீங்க. எனக்குப் பிடிச்ச வேலை, சந்தோசமா செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். போதகர் அதையே பிடித்துக்கொண்டார். 'உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்' என்ற வசனத்தை எடுத்து, முகம் கோணாமல் செய்வதுதான் தியாகம், முறுமுறுத்துக்கொண்டு செய்வது பலியே அல்ல என்று நீளமாகப் பேசினார். நல்ல பிரசங்கம்தான். பெரியம்மா சொன்னதும் உண்மைதான், அவருக்குப் பொய் வராது. ஆனால் என் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அம்மா வரவில்லை. ஆயாவைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது.

ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர், பெரியம்மாவையும் பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து கொசப்பேட்டையில் எங்கள் வீட்டு நடு அறையில்தான் படுக்கை. அம்மா யாரையும் கேட்டு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மாமா தங்கவயலில் இருந்தார், பெரியம்மா வடக்கே இருந்தார், அம்மா பக்கத்துத் தெருவில் இருந்தார். இருந்த இடம்தான் முடிவு செய்தது. காலையில் துடைத்து, துணி மாற்றி, ரப்பர் ஷீட்டை அலசிப் போட்டு, கேழ்வரகுக் கஞ்சி ஊட்டி, முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்து, மறுபடி துணி மாற்றி. கத்திரி வெயிலில் கரண்ட் போனால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனையும் அம்மா ஒழுங்காகச் செய்தார். ஆயாவுக்கு ஒரு நாளும் படுக்கைப் புண் வந்ததில்லை. ஆனால் சந்தோஷமாகச் செய்தார் என்று நான் சாட்சி சொல்ல முடியாது. பாத்திரம் பேசும். கதவு பேசும். "இன்னா ஜென்மமோ" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். ஆயாவிடமே கத்தியிருக்கிறார், பிறகு பின்கட்டில் போய் அழுதிருக்கிறார். விசாரிக்க வரும் சபை அம்மாக்கள் ஜெபம் பண்ணிவிட்டு, "பொறுமையா செய்ம்மா, ஆண்டவர் கணக்கு வச்சிருக்கார்" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவர்கூட "நீ ஒரு மணி நேரம் படுத்துக்கோ, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அப்பாவும் சொன்னதில்லை. அவர் ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியிலிருந்து களைத்து வருகிறவர் என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

அன்றைக்கு அந்தப் பிரசங்கத்தின்படி பார்த்தால் பெரியம்மாவின் வாழ்க்கை பலி, அம்மாவுடையது பலியே அல்ல. இது எனக்குச் செரிக்கவில்லை. இன்றைக்கும் முழுதாகச் செரித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஐடா அத்தையின் வீட்டை யார் பார்த்தார்கள்?

வேலூரில் வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் தியாகம் என்றால் கண்முன் வரும் முகம், இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிக் குடும்பத்து டாக்டர் ஐடா ஸ்கடர். பெண் டாக்டர் இல்லாமல் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோன, அவரை மாற்றிய அந்த ராத்திரிக் கதையை நான் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை, ஞாயிறு பள்ளியில் ஒருமுறையாவது அதை நாடகமாகப் போட்டிருப்பீர்கள். என்னைக் கவர்வது அந்தக் கதைக்கு முன்னால் உள்ளது. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், சின்ன வயதில் தாது வருஷத்துப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர், வளர்ந்து அமெரிக்காவில் படிக்கும்போது 'மிஷனரி வேலை எனக்கு வேண்டவே வேண்டாம்' என்பதில் உறுதியாக இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் திண்டிவனத்துக்கு வந்தார், திரும்பிப் போகிற எண்ணத்தோடு. அதாவது அவரால் முடியாது என்று சொல்ல முடிந்தது, சொல்லவும் செய்தார். பிறகு சரி என்றார். முடியாது என்று சொல்ல இடமிருந்த வாயிலிருந்து வருகிற சரிக்கு ஒரு தெம்பு இருக்கிறது. 1900-ல் டாக்டராகத் திரும்பி வந்தவர், 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரியைத் திறந்து, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கி, 1960-ல் கொடைக்கானலில் இறக்கும்வரை முகம் வாடின ஆளாக யாருக்கும் தெரியவில்லை. டென்னிஸ் ஆடினார், வயதான பிறகும் ஆடினார். தோட்டம் போட்டார். வெயில் காலத்தில் மலைக்குப் போனார். பிரசங்கங்களில் இதெல்லாம் வருவதில்லை. டென்னிஸ் மட்டையோடு நிற்கிற தியாகியை நமக்குப் பிடிப்பதில்லை போலிருக்கிறது.

பிரசங்கங்களில் வராத இன்னொரு ஆள் சோபியா, ஐடாவின் அம்மா. 1900-ல் கணவர் இறந்த பிறகு ஊருக்குத் திரும்பாமல் மகளோடு வேலூரிலேயே தங்கி அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர். பிற்பாடு கெர்ட்ரூட் டாட் என்ற தோழி வந்து பணக் கணக்கையும் நிர்வாகச் சுமையையும் தாங்கினார். காலையில் கட்டை வண்டியிலும் பிறகு மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நின்று புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு வருகிற டாக்டர் அம்மா, இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தால் அங்கே விளக்கு எரிந்தது, சோறு இருந்தது, பேச ஆள் இருந்தது. இதைச் சொல்வதால் அவர் செய்தது குறையாது. அவருடைய சந்தோஷம் எந்த மண்ணில் வேர்விட்டது என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்கு வாலிபர் சங்கத்தோடு போயிருக்கிறேன். 1921-ல் சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் ஆரம்பித்தது. ஒருவர் தமிழர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். கதர் கட்டி, சம்பளமில்லாமல், மணம் செய்யாமல் வைத்தியம் பார்த்து வாழ்ந்தவர்கள். கோயில் கோபுரம் போல் எழும்புகிற ஜெபாலயத்தை எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே பிடித்தது ஊர் அவர்களைக் கூப்பிட்ட விதம்: பெரியண்ணன், சின்னண்ணன். இரண்டு பேர். ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள் என்கிறோம். ஒருவரை ஒருவர் விடவில்லையே.

சார்ஜ் எடுக்க ஆள்

அந்த ஞாயிறு மத்தியானத்துக்கு வருகிறேன். பெரியம்மா சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வந்தார். பிரசங்கம் எப்படி என்று அம்மா கேட்டார். நான் சொன்னேன், முறுமுறுப்பைப் பற்றிய பகுதியையும் சேர்த்து. சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அப்பா பிறகு என்னைக் கடிந்துகொண்டார், ஆனால் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்து, "நீ சந்தோசமா ஊழியம் செஞ்சக்கா. உன் அம்மாவை யாரு பாத்தது?" என்றார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பெரியம்மா ஏதாவது வசனம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்துவிட்டு, "எனக்கு டூட்டி முடியும்மா" என்றார். "எவ்ளோ பெரிய கேஸா இருந்தாலும் நேரம் ஆனா இன்னொரு சிஸ்டர் வந்து சார்ஜ் எடுத்துப்பா. நான் ரூமுக்குப் போயி குளிச்சுட்டுத் தூங்குவேன். வாரத்துல ஒரு நாள் ஆஃப். வருசத்துல ஒரு மாசம் லீவு. அப்புறம் வார்டுக்குப் போனா பேஷண்ட் மூஞ்சியைப் பாக்க ஆசையா இருக்கும். உனக்கு யாரு சார்ஜ் எடுத்தாங்க? நான் இங்க இருந்திருந்தா நானும் பாத்திரத்தைத் தூக்கிப் போட்டிருப்பேன்."

இத்தனை வருடம் சபையில் தியாகத்தைப் பற்றி நான் கேட்ட எதிலும் இந்த ஒரு விஷயம் வந்ததில்லை. சந்தோஷத்துக்கும் ஷிஃப்ட் மாறுவதற்கும் சம்பந்தம் உண்டு என்பது. நாம் சந்தோஷத்தை ஆவியின் கனி என்கிறோம், சரி. ஆனால் அது வரவில்லை என்றால் உடனே அந்த ஆளின் ஆவிக்குரிய நிலையில் குறை தேடுகிறோம். அவள் ஜெபிக்கவில்லை, அவளுக்கு ஒப்புக்கொடுத்தல் இல்லை, அவள் இயேசுவின் பேச்சைக் கேட்காமல் வேலையில் மூழ்கிப்போன மார்த்தாள். அவள் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

பெரியம்மா அன்று சாயங்காலமே நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். கட்டம் போட்டார். காலை டூட்டி, மதிய டூட்டி, நைட் டூட்டி. தனக்கு அதிகமாகப் போட்டுக்கொண்டார், எனக்குச் சனிக்கிழமை. அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நைட். அப்பா முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அம்மாவின் பெயரைக் கட்டத்தில் எங்கேயும் காணோம். "நீ தங்கவயலுக்குக் கிளம்பு. தம்பி வீட்ல போயி இரு. எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வா. தோணலைன்னா வராதே" என்றார் பெரியம்மா. அம்மா நம்பவில்லை. காட்பாடியில் ரயிலேற்றிவிடுகிற வரைக்கும் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, எந்தக் கை வலிக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரயில் கிளம்பியதும் ஜன்னலில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிவிட்டார். எங்களுக்குக் கையாட்டக்கூட இல்லை.

சிரேனே ஊரானாகிய சீமோன்

அம்மா இல்லாத அந்த நாட்களில், நைட் டூட்டியில் ஆயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா சுவிசேஷம் வாசிப்பார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம், சிலுவைப்பாடு வருகிற அதிகாரங்கள். ஒரு இரவு எனக்கும் தூக்கம் வராமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சீமோன் வருகிற இடம். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த மனிதன். கூட்டத்தோடு கூட்டமாக வழியில் மாட்டிக்கொண்டான். அவனைப் பிடித்து இயேசுவின் சிலுவையைச் சுமக்கக் கட்டாயப்படுத்தினார்கள். அவன் பிரதிஷ்டை பண்ணவில்லை, பலிபீட அழைப்புக்கு முன்னால் வந்து முழங்காலிடவில்லை. பக்கத்தில் இருந்தான், அதனால் அகப்பட்டான். அவன் சந்தோஷமாகச் சுமந்தானா? சுவிசேஷத்தை எழுதிய மாற்கு அதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை அவன் வழி முழுக்க முறுமுறுத்துக்கொண்டே போயிருப்பான். ஆனால் மாற்கு அவனுடைய பிள்ளைகளின் பெயரைச் சொல்கிறார், அலெக்சந்தர், ரூப்பு. படிக்கிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும் என்பது போலச் சொல்கிறார். அந்தச் சபையில் அவர்கள் இருந்திருக்க வேண்டும். 'எங்கப்பாதான் தூக்கினார்' என்று சொல்லியிருப்பார்கள். முறுமுறுப்பைச் சொன்னார்களோ என்னவோ.

இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனேயையும் அதற்குப் பிறகு நான் வேறு மாதிரிதான் வாசிக்கிறேன். இயேசு மூன்று பேரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், என்னோடு விழித்திருங்கள் என்று கேட்கிறார். தூங்கிவிட்டார்கள் என்றதும் ஒரு மணி நேரம்கூட முடியாதா என்று கேட்கிறார். பாடுகளின் பாத்திரம் தன்னைவிட்டு நீங்கக் கூடுமா என்றும் கேட்கிறார். துணைக்கு ஆள் கேட்டவரை, முடியுமானால் வேண்டாம் என்றவரை முன்னால் வைத்துக்கொண்டு, அவர் பெயராலேயே பெண்களிடம் முகம் கோணாதே என்கிறோம். எபிரெயர் நிருபத்தில் அவர் சிலுவையைச் சகித்தார் என்றுதான் இருக்கிறது. சந்தோஷம் அவருக்கு முன்னால் வைக்கப்பட்டிருந்தது. சுமந்துகொண்டிருந்த தோளில் அந்த நேரத்தில் இருந்தது வலி. 'முறுமுறுப்பில்லாமல் செய்யுங்கள்' என்று எழுதிய பவுல்கூட, கொரிந்தியருக்கு எழுதும்போது தான் வாங்கின அடி, கப்பல் சேதம், பசி, நிர்வாணம் எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டித் தீர்க்கிறார். ஒரு அப்போஸ்தலர் செய்தால் அது சாட்சி, எங்கள் அம்மா செய்தால் முறுமுறுப்பு.

அப்படியானால் தானாகத் தேர்ந்துகொண்டவர்களுக்கு மட்டும்தான் சந்தோஷமா, தலையில் விழுந்தவர்களுக்கு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். வேலூரில் பாகாயம் பக்கம் போகும்போதெல்லாம் மேரி வர்கீஸ் நினைவுக்கு வருவார். 1954-ல் வண்டி விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன இளம் டாக்டர். அதை அவர் எந்தப் பலிபீடத்திலும் ஒப்புக்கொடுக்கவில்லை, அது வந்து விழுந்தது. அவரிடம் யாராவது சந்தோஷமாக ஏற்றுக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் வேறு ஒன்று சொன்னார்: கைகளுக்குச் செய்கிற ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மேரி வர்கீஸ் திறந்து சரிசெய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. எழும்ப முடியாதவர்களை எழுப்பி உட்காரவைக்கிற இடம். அவருக்குக் கிடைத்தது ஆறுதல் வசனம் மட்டுமல்ல. ஒரு வேலை, ஒரு நாற்காலி, நாற்காலியைத் தள்ள ஆட்கள், கத்தியை எடுத்துக் கையில் கொடுக்க ஆட்கள். சந்தோஷம் அந்த வழியாக வந்தது என்று நான் நினைக்கிறேன். வேறு வழியாக வந்திருக்க முடியாது என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

அம்மா திரும்பி வந்தது யாரும் கூப்பிட்டு அல்ல. ஒரு விடியற்காலையில் ஆட்டோ சத்தம் கேட்டது, தங்கவயல் சாமான் நிறைந்த பையோடு உள்ளே வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நடு அறைக்குப் போனார். "முதுகுக்குப் பவுடர் போடலியா நீங்க?" என்று ஆரம்பித்தார். பெரியம்மா நோட்டைக் காட்டினார், இது என் டூட்டி, நீ மதியம் வா என்றார். "என் அம்மாவுக்கு நான் எப்ப வேணா செய்வேன்" என்றார் அம்மா. "எனக்கும் அம்மாதான்" என்றார் பெரியம்மா. வெந்நீர் பக்கெட்டின் பிடியில் ஒருவர் கை, விளிம்பில் ஒருவர் கை. பாதி நீர் தரையில். யார் குளிப்பாட்டுவது என்று இரண்டு கிழவிகள் சண்டை போட, பேச்சு குளறும் ஆயா படுக்கையிலிருந்து இடது கையை ஆட்டி ஏதோ சொன்னார். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. தண்ணி ஆறுது என்று சொல்கிறார். அம்மாதான் முதலில் சிரித்தார். ஆயா விழுந்ததற்குப் பிறகு அந்த அறையில் அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

அதற்குப் பிறகு அம்மா மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். மாறவில்லை. பாத்திரம் தொடர்ந்து பேசியது. ஆனால் தன் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டார். அப்பாவின் நைட் டூட்டியை ஒருமுறை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு, மறுநாள் அதற்காகவும் அவரைத் திட்டினார். ஆயா இறந்த அன்று குளிப்பாட்டியது இரண்டு பேரும்தான். அன்றைக்குச் சண்டை இல்லை.

இப்போது பெரியம்மாவும் எங்களோடுதான். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி உள்ள லாட்ஜுகளில் ஹவுரா, கவுகாத்தி வண்டிகளில் வந்து இறங்கி மாதக்கணக்கில் தங்கியிருக்கிற குடும்பங்கள் உங்களுக்குத் தெரியும். போர்டெல்லாம் வங்காளியில், சந்தெல்லாம் கடுகெண்ணெய் வாசனை. பெரியம்மாவுக்கு இந்தி தெரியும், வங்காளியும் கொஞ்சம் வரும். ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல, ஆபரேஷன் முடிந்து வந்தவர்களுக்கு டிரெஸ்ஸிங் பார்க்க, கூட வந்தவர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை படுக்கை ஓரம் உட்கார என்று தினம் போகிறார். பெரியம்மாவுக்கு மூட்டு வலி வந்த பிறகு துணைக்கு அம்மா போக ஆரம்பித்து, இப்போது அம்மா தனியாகவே போகிறார். மாடிப்படியைத் திட்டுவார், லிஃப்ட் வைக்காத லாட்ஜ்காரனைத் திட்டுவார், மீன் வாசனையைத் திட்டுவார். சபையில் இந்த வருஷம் சால்வைக்குப் பெயர் கேட்டார்கள். நான் அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. சால்வைக்குப் பதிலாக, படுத்த படுக்கையானவர்களை வைத்துக்கொண்டிருக்கிற வீடுகளுக்கு வாரம் ஒரு மதியம் போய் உட்கார ஆள் பட்டியல் போடலாமா என்று கேட்டேன். கமிட்டியில் பேசுகிறோம் என்றிருக்கிறார்கள். இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்காரர்கள்.

போன வாரம் அம்மா இருட்டிய பிறகு வந்து காலை நீட்டி உட்கார்ந்தபோது நேராகவே கேட்டேன், இதெல்லாம் சந்தோஷமாகத்தான் செய்கிறீர்களா என்று.

"சந்தோசமா? கால் கடுக்குது, நீ வேற" என்றார். "தைலத்தை எடு. காலைல ஆறு மணிக்கு எழுப்பிவுடு, அந்த மால்டா பொண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன். அவ புருசன் சின்னப் பையன், பயந்து சாவறான். பெரியம்மா கிட்ட சொல்லாதே, தானும் வரேன்னு கிளம்பிடும்."